ஒட்டினவங்கதான் எடுக்கணும்

வளையல் பட்டு ஷூத் தோல் கீறும் என்று ஷூ கம்பெனியில் பெண்களை வெறுங்கையாகத்தான் உள்ளே விடுவார்கள். மோதிரம்கூடக் கூடாது. எங்கள் கம்பெனியில் ஒரே ஒருவர் கையில் மட்டும் வளையல் இருந்தது. சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுற்றிய காகிதச் சுருள் அது. இடது மணிக்கட்டில் மாட்டியிருப்பார். காலையில் என் பஸ்ஸில் ஏறும்போதும் இருக்கும், சாயங்காலம் இறங்கும்போதும் இருக்கும். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோதும் அதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

அம்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தைத்து, ஒட்டி, பாலீஷ் போட்டு முடிந்த ஷூ கடைசியாக ஒரு மேசைக்கு வரும். அதற்கு பைனல் பாசிங் என்று பேர். அங்கே நிற்கிறவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நூல் விட்டிருந்தால், பசை பிதுங்கியிருந்தால், அந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பை ஒட்டுவார். ஷூ திரும்பிப் போய்ச் சரியாகி வரும். அப்புறம் அம்பை எடுக்க வேண்டும். யார் எடுப்பது? ஒட்டியவர்தான். சூப்பர்வைசரானாலும் மேனேஜரானாலும் தொடக்கூடாது. எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்றால் தெரியாது. அந்த மேசையில் அதுதான் சட்டம்.

அந்த மேசையில் நின்றவரை எல்லோரும் அம்பு அக்கா என்பார்கள். ஆம்பூருக்கே அம்பு விடுகிறவர் என்று ஒரு கிண்டலும் உண்டு. நான் மாதனூர் ரூட்டில் கம்பெனி பஸ் ஓட்டியவன். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டால்தான் வாய்க்குச் சரியாக இருக்கும்.

அவர் வேலை செய்வதை ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷூவை வெளியே ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு உள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் தடவினார். ஏன் அப்படி என்று பஸ்ஸில் கேட்டேன்.

"வெளிய பாக்கறது வாங்கறவன் பார்வ டிரைவரே. உள்ள கைய வுடறதுதான் போடறவன் பார்வ" என்றார்.

தொண்ணூறுகளில் மேசைக்கு வந்த புதிதில் உள்ளே விட்ட விரலில் ஆணி குத்தி ரத்தம் வந்ததாம். அந்த லாட்டில் வந்த ஷூ முழுவதையும் நிறுத்திவிட்டார். "இத்தினியூண்டு ஆணிக்கு இவ்ளோ பேஜாரா?" என்று சூப்பர்வைசர் கத்தியிருக்கிறார். அக்கா விரலைச் சப்பிக்கொண்டே சொன்ன பதில் கம்பெனி முழுக்கப் பழமொழி ஆகிவிட்டது: "காலுக்குச் சின்ன ஆணி, பெரிய ஆணி தெரியாது சார்."

எதைக் கண்டாலும் குறை சொல்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். குறை இருப்பதில் அவருக்குக் கோபமே கிடையாது. மறைப்பதில்தான் கோபம். தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக, அக்கா அந்தச் செருப்பை எடுத்து அடிப்பக்கத் தேய்மானத்தைப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து, "இன்னா தம்பி, எடது கால ஊனாம நடக்கறீங்களே, முட்டியில இன்னா?" என்று கேட்டுவிட்டார். சபை ஆடிப்போய்விட்டது. விபத்தில் உடைந்து பிளேட் வைத்த கால். சொல்லாமல் வந்திருந்தார்கள். கல்யாணம் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தபோது அக்காதான் தாம்பூலத் தட்டை எடுத்து நீட்டினாராம். "பிளேட்டு இருந்தா இருக்கட்டும். மூடி வெக்காதீங்க. அவ்ளோதான்." அந்தத் தம்பி இன்றைக்கும் அக்கா பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்.

கம்பெனிக்காரர்கள் அப்படி எழுந்து நிற்கவில்லை. ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் என்று கம்பெனியைச் சோதிக்க வரும் நாளைப் பற்றி அக்கா சொல்வது: "ஆடிட்டுன்னா மாப்ள வூட்டுக்காரங்க வர்ற நாளு. அன்னிக்கி மட்டும் வூடு சுத்தம்." நிஜம்தான். அன்றைக்குக் கழிப்பறையில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும். தீப்பிடித்தால் ஓட வேண்டிய, ஆனால் எப்போதும் பூட்டியிருக்கும் பின்கதவு திறந்திருக்கும். ஒரு வருடம் சாவி வைத்திருந்த ஆள் லீவு போட்டுவிட்டான். பூட்டை உடைக்க நேரமில்லை. கதவின் முன்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, கதவே இல்லாததுபோல் ஆக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரர் லைனுக்குள் நடந்து வந்தபோது அக்கா மேசையை விட்டு நேராகப் போனார். நான்கு பெட்டிகளை இறக்கி வைத்தார். பூட்டுக்கு மேலே கதவில் ஓர் அம்பை ஒட்டினார். திரும்பி வந்து, பாதியில் விட்ட ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அதற்குத் தண்டனையாக ஐந்து மாதம் நூல் வெட்டும் வேலைக்குப் போட்டார்கள். புதிதாகச் சேரும் பெண்கள் செய்யும் வேலை. நான் வருத்தப்பட்டேன்.

"கதவு தெறந்து கீதா இல்லியா?" என்று கேட்டார்.

"தெறந்து கீதுக்கா."

"அப்பறம் இன்னா? நூலும் நானே வெட்றேன்."

அந்தக் கதவின் அம்பையும் அவர்தான் போய் எடுத்தார். பூட்டு போய்விட்டதை மூன்று மாதம் பார்த்த பிறகு.

இனி சுரங்கப்பாதைக் கதை. இதில் நான் அக்காவுக்கு எதிராக நின்றேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பெரிய ரோட்டை அகலமாக்கினார்கள். நடுவில் சுவர் வைத்து, லாரிகள் பறக்கிற ரோடாகிவிட்டது. சாயங்காலம் நான் ஆம்பூரிலிருந்து வரும்போது வண்டி பாலாற்றுப் பக்கம்தான் நிற்கும். பெண்களின் ஊர்கள் எல்லாம் எதிரே, மலைப் பக்கம். நடுச்சுவரில் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாக ஓடிக் கடப்பார்கள். ஒருநாள் என் வண்டியிலிருந்து இறங்கிய பெண் ஒருத்தி கடக்கவில்லை. கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்தவள். படியில் இறங்கும்போது "வர்றேண்ணா" என்று சொன்னாள். நான் கியர் போடுவதற்குள் சத்தம் கேட்டது.

அதன் பிறகு கம்பெனிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் அக்கா. அந்தப் போராட்டத்தில்தான் ரோட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை கிடைத்தது. ஆற்றங்கரைப் பாதை அதன் வழியாக ரோட்டைக் கடந்து மலைப் பக்கம் போகும். பைக், ஆட்டோ, மாட்டுவண்டி எல்லாம் போகலாம். நடப்பவர்களுக்கு ஒரு சுவரை ஒட்டி உயரமான நடைமேடை. சுரங்கம் திறந்த மறுநாள் நடுச்சுவரின் இடைவெளியை அடைத்துவிடுவதாகச் சொன்னார்கள். நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் "வர்றேண்ணா" கேட்கும்.

திறப்பதற்கு முன்னால் ரோடு சேஃப்டி ஆடிட் என்று ஒன்று உண்டாம். கட்டியவர்களைச் சேராத ஒருவர் வந்து, இங்கே யார், எப்படி அடிபடுவார்கள் என்று யோசித்து எழுத வேண்டுமாம். இதை டீக்கடையில் கேட்டுவந்து அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "ரோட்டுக்கும் பைனல் பாசிங் கீதா!"

மறுநாளே என் வண்டியிலிருந்து இறங்கி, சுரங்கத்துக்குள் போய்விட்டார். அவருடைய வீடு அடுத்த ஸ்டாப். மலைப் பக்கத்திலிருந்து ஒருமுறை, ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறார். அடுத்த நாள் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் நின்றார்.

"அது ஆவாது டிரைவரே."

"எது?"

"சொரங்கம். ஜோடி சேரல."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது இது. மலைப் பக்க வாயில் உள்ளே போகும்போது இடது கைப் பக்கம் படிக்கட்டு. இறங்கினால் நேராக நடைமேடை. அருமையாக இருக்கிறது. ஆற்றுப் பக்க வாயிலிலும் உள்ளே போகும்போது இடது கைப் பக்கம்தான் படிக்கட்டு. ஆனால் எதிர்த் திசையிலிருந்து வருகிறவருக்கு இடது கை என்பது மற்ற சுவர் அல்லவா? அங்கே நடைமேடை கிடையாது. இறங்குகிற பெண் வண்டிப் பாதையில்தான் கால் வைக்க வேண்டும். மேலேயிருந்து வண்டிகள் திரும்பி, சரிவில் வேகமாக இறங்குகிற அதே இடத்தில், குறுக்கே கடந்து எதிர்ச் சுவருக்குப் போக வேண்டும். சாயங்காலம் என் வண்டியிலிருந்து இறங்குகிற அத்தனை பேரும் அந்தப் படியில்தான் இறங்குவார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "அக்கா, எல்லாத்துலயும் ஒரு ஆணி இருக்கும். தெறக்கட்டும், அப்பறம் சரி பண்ணிக்கட்டும். இன்னொரு பொண்ணு போறதுக்குள்ள அந்த இடைவெளிய அடைக்கணும்."

"மேல செத்தா பாவம், கீழ செத்தா விதியா?" என்றார்.

மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை. நான் மட்டுமில்லை. போராட்டத்தில் அவரோடு உட்கார்ந்த பெண்களே, "கேட்டதும் இவங்கதான், வேணாங்கறதும் இவங்கதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா ஆற்றுப் பக்கப் படிக்கட்டின் கைப்பிடியில் ஓர் அம்பை ஒட்டினார். காண்ட்ராக்ட் இன்ஜினியரின் ஆட்கள் கிழித்துப் போட்டார்கள். மறுபடி ஒட்டினார். மறுபடி கிழித்தார்கள். "ஒட்டினவங்கதான் எடுக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல போல" என்று சொல்லிக்கொண்டே தினமும் ஒட்டினார். மணிக்கட்டுச் சுருள் இளைத்துக்கொண்டே வந்தது.

ஆடிட் நாள் சாயங்காலம், வெயில் தாழாத நேரம். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் சுரங்கத்தருகே அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காண்ட்ராக்ட் இன்ஜினியர், தலையில் மஞ்சள் தொப்பி. நான் வண்டியை நிறுத்தினேன். பெண்கள் இறங்கினார்கள். அக்கா ஒயர்கூடையோடு நேராக அவரிடம் போனார்.

"ஆடிட்டு நீங்கதான சார்?"

"ஆமாம்மா."

"ரெண்டு பக்கமும் பாத்துட்டீங்களா?"

"பார்த்தாச்சு. லைட் கம்மியா இருக்கு, எழுதியிருக்கேன். தண்ணி வடிகால்ல மூடி இல்ல, அதையும் எழுதியிருக்கேன்."

"படிக்கட்டு?"

அவர் அட்டையைப் புரட்டினார். "ரெண்டு பக்கமும் இருக்கே."

"ஏம்மா, பஸ்ஸு போய்டப் போவுது, ஏறு போ" என்றார் மஞ்சள் தொப்பி.

"பஸ்ஸு போவாது" என்று அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அவரோடு பேசாமல் இருந்த மூன்றாவது வாரம் அது. ஆனாலும், ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

அக்கா ஒயர்கூடையிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூவை எடுத்தார். "சார், இந்தத் தையலு எப்பிடி கீது?"

மனிதர் சிரித்தார். வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லா இருக்கு."

"பாலீஷு?"

"பிரமாதமா இருக்கும்மா."

"அப்போ பாஸுதான? போட்டு நடங்க."

அவருக்கு என்ன தோன்றியதோ, படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றை மாட்டினார். இன்னொன்றைக் காலருகே வைத்துப் பார்த்தார். திருப்பினார். "ரெண்டும் இடது கால்மா இது!"

"ஆங்!" என்றார் அக்கா. "ஒண்ணொண்ணா பாத்தா ரெண்டும் பாஸு. ஒரே பொட்டியில வெச்சாதான் ரிஜெக்ட்டு. உங்க சொரங்கமும் ரெண்டும் எடது கால் சார்."

பெண்கள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மஞ்சள் தொப்பி, "சார், இதுங்களுக்கு வேற வேல இல்ல" என்றார். ஆடிட்காரர் சிரிக்கவில்லை. ஒரு காலில் அவருடைய ஷூ, ஒரு காலில் எங்கள் ஷூ, அப்படியே எழுந்து ஆற்றுப் பக்கப் படியில் இறங்கினார். இறங்கி, நடைமேடை எங்கே என்று எதிர்ச் சுவரைப் பார்த்தார். கடக்க ஓர் அடி வைத்தார். திறப்புவிழா ஆகாவிட்டாலும் வண்டிகள் புகுந்து போய்க்கொண்டுதான் இருந்தன. பதனிடாத பச்சைத்தோல் மூட்டை கட்டிய மொபெட் ஒன்று மேலேயிருந்து திரும்பி, பிரேக் பிடிக்காமல் சரிவில் வந்தது. மனிதர் பின்னால் தாவிச் சுவரில் முதுகை மோதிக்கொண்டார். மூட்டை அவருடைய சட்டையை உரசிக்கொண்டு போனது.

மேலே ஏறி வந்தபோது கண்ணாடி மூக்கில் சரிந்திருந்தது. வரைபடத்தைக் கேட்டார். மஞ்சள் தொப்பி காரிலிருந்து எடுத்து வந்து விரித்தார். ஒரே ஒரு வாயில்தான் வரைந்திருந்தது. கீழே ஒரு மூலையில் குறிப்பு. ஆடிட்காரர் அதை வாய்விட்டுத் தமிழில் சொன்னார்: "மறுபக்கமும் இதே மாதிரி."

"அதான்" என்றார் அக்கா. "எங்க லைன்ல இப்பிடித்தான் சார் நடக்கும். ஒரே அச்ச வெச்சி ரெண்டையும் வெட்டிட்டாங்க."

ஆடிட்காரர் அட்டையில் 'இருக்கிறது' என்ற இடத்தில் போட்டிருந்த டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். நிறைய எழுதினார். பிறகு, "உங்க பேர் சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்" என்றார்.

"பேரு எதுக்கு சார்? குறைய எழுதுங்க."

அதனால்தான் நானும் இங்கே அவருடைய பெயரை எழுதவில்லை.

திறப்பு தள்ளிப்போனது. ஆற்றுப் பக்கம் சரியான சுவரை ஒட்டிப் புதுப் படிக்கட்டு கட்ட வேண்டும். மழைக்காலமும் வந்துவிட்டது. அதுவரை பெண்கள் பழையபடி மேலே ரோட்டைத்தான் கடக்க வேண்டும். "இப்போ எவளுக்காவது எதாவது ஆச்சுன்னா அம்பு அக்காதான் பதில் சொல்லணும்" என்று என் வண்டியிலேயே ஒருத்தி சொன்னாள். அது அக்கா காதிலும் விழுந்தது.

மறுநாளிலிருந்து அக்கா தன் வீட்டு ஸ்டாப்பில் இறங்கவில்லை. மற்றப் பெண்களோடு சுரங்க ஸ்டாப்பிலேயே இறங்கினார். நடுச்சுவர் இடைவெளியில் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றார். லாரி தூரத்தில் தெரிந்தாலும் விடமாட்டார். அவசரப்படும் பெண்களுக்குத் திட்டு விழும்: "ஓடற நாய்க்கிதான் டயரு. நில்லுடி!" கடைசிப் பெண் கடந்த பிறகு தனியாக நடந்து வீட்டுக்குப் போவார். மழையில் நனைந்து, காய்ச்சலோடும் நின்றார். ஒருநாள் லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்து அசிங்கமாகத் திட்டினான். அக்கா கையை இறக்கவே இல்லை. "கத்துடா, கத்து. ஹாரன் அடிச்சா ஆள் சாவாது" என்று பதிலுக்குக் கத்தினார். குறை சொன்ன அந்தப் பெண்ணே ஒரு வாரத்துக்கெல்லாம் அக்காவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒருத்திக்கும் ஒரு கீறல் விழவில்லை.

புதுப் படிக்கட்டு முடிந்தது. ஆடிட்காரர் மறுபடி வந்தார். வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. பழைய கைப்பிடியில் இப்போது யாரும் கிழிக்காமல் நின்றுகொண்டிருந்த அம்பைக் காட்டி, "நீங்க எடுத்தாதான் நான் போடுவேன்" என்றார். மஞ்சள் தொப்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அக்கா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நடந்தார். புதுப் படியின் ஒவ்வொரு விளிம்பையும் விரலால் தடவினார். பிறகு நகத்தால் அம்பை உரித்தார். பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கைதட்டி முடிப்பதற்குள் அக்கா என் பஸ் அருகே வந்திருந்தார். சுருளில் கடைசியாக மிச்சமிருந்த அம்பை எடுத்தார். என் சீட்டுக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே ஒட்டினார். முனை என்னைப் பார்த்தது.

"இன்னாக்கா இது?"

"நீ நிக்கற எடம்."

நான் எப்போதும் வண்டி நிறுத்தும் புளியமரத்து நிழலைக் காட்டினார். அது நடுச்சுவர் இடைவெளிக்கு நேர் எதிரே. படிக்கட்டு அங்கிருந்து நூறடி முன்னால். "இங்க எறக்கி வுட்டா எந்தப் பொண்ணும் படிக்கட்டுக்கு நடக்க மாட்டா. இடைவெளிய அடைச்சாலும் சுவத்த ஏறிக் குதிப்பா. அன்னிக்கும் நீ இங்கதான் நிறுத்தின. நெழலுக்காக."

"வர்றேண்ணா" சொன்ன பெண் இறங்கியதும் அந்த நிழலில்தான். இடைவெளியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரோடு இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிகிற மேட்டில் நிறுத்தியிருக்கலாம் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

"இத்த எப்போ பாத்தீங்க?"

"அன்னிக்கே பாத்தன்."

"அப்போவே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கி சொன்னா நீ வண்டி ஓட்டுவியா? ஒண்ணொண்ணாதான் ஒட்டணும் டிரைவரே" என்றார். குரலில் கோபம் இல்லை. நூல் விட்டிருக்கிறது, பார்த்துத் தைத்து அனுப்பு என்று சொல்கிற அதே குரல்.

மறுநாளிலிருந்து படிக்கட்டு வாயிலில்தான் நிறுத்தினேன். அங்கே நிழல் கிடையாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கேட்டால், "பாத்துனே இருக்கறன்" என்பார். அடுத்த வருடம் கணியம்பாடிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போதும் எடுக்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறாரோ, கையில் வளையல் போட்டிருக்கிறாரோ, தெரியாது.

கொஞ்ச நாளில் வருகை நேரத்தைக் கவனிக்கும் புது டைம் ஆபீசர் ஒருவர் வந்தார். படிக்கட்டு வாயிலில் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி ஏறுவதால் ஐந்து நிமிஷம் வீணாகிறது, பழைய மரத்தடியிலேயே நிறுத்து என்று உத்தரவு போட்டார். நான் முடியாது என்றேன். வேலை போய்விடும் என்றார். வண்டிக்குள் ஏறி வரச் சொன்னேன். வெயிலில் வெளுத்து, ஓரம் சுருண்டு, ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்ட அம்பைக் காட்டினேன்.

"இத்த ஒட்டினவங்களக் கூட்டினு வாங்க சார்" என்றேன். "அவங்க எடுக்கட்டும். நான் மரத்தடியில நிறுத்தறேன்."